வசந்திக்கு, புது வீட்டுப் பெட்ஷீட் விஷயமாக

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாடிப் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் நேரே யானைமலை என்று நீ எழுதியிருந்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அந்தப் பிள்ளை எப்போது வருகிறது, எப்போது வருகிறது” என்று அதிலிருந்து ஒரே கேள்வி. இத்தனை வருஷம் புனேயில் இருந்துவிட்டு ஒத்தக்கடைப் பக்கம் வீடு கட்டித் திரும்பி வருகிறாய். எனக்கு இதைவிட நல்ல சேதி வேறு கிடையாது. தை பிறந்ததும் பால் காய்ச்சுகிறீர்கள் என்பதால் அந்த வாரத்துக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. மாடி ஏற முடியாது, கீழேயே உட்கார வைத்துக்கொள்ளலாம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். “ஆயுசுக்கு ஒரு தடவையாவது உசத்தியான பெட்ஷீட் விரித்துப் படுக்க வேண்டும். கடையில் 1000 திரெட் கவுண்ட் என்று பெட்டியில் போட்டுக் காட்டினார்கள், எடுத்துவிடட்டுமா?” என்று கேட்டிருக்கிறாய். எடுக்காதே. ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறவள் சொல்கிறேன். தினமும் விரிப்பது, உருவுவது, வெளுக்கப் போடுவது, நைந்ததைக் கழித்து ஒதுக்குவது என்று என் கையில் புழங்காத விரிப்பு கிடையாது. பெட்டி மேலே போட்டிருக்கிற அந்த நம்பரைப் பார்த்து வாங்கினால் ஆசையும் தீராது, பணமும் போகும்.

ஒரு சதுர அங்குலத் துணியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலும் குறுக்கே ஓடுகிற ஊடை நூலும் சேர்ந்து எத்தனை இருக்கிறது என்கிற கணக்குதான் திரெட் கவுண்ட். 40ஆம் நம்பர் நூலில் நெய்தால் சுமார் 200 வரும். 60ஆம் நம்பரில் 300, 80ஆம் நம்பரில் 400. நூல் நம்பர் ஏற ஏற இழை மெலிசாகும், அதனால்தான் அதிகம் நெருக்க முடிகிறது. ஆனால் ஒரு அங்குலத்துக்குள் எவ்வளவுதான் நெருக்குவது? 800, 1000 என்று போடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று மெல்லிய இழைகளை முறுக்கி ஒரே நூலாக்கிவிட்டு, அந்த இழை ஒவ்வொன்றையும் தனியாக எண்ணிவிடுகிறார்கள். இல்லையென்றால் ஊடையில் பல இழைகளைச் சேர்த்து ஒரே ஓட்டத்தில் விடுகிறார்கள். நம்பர் கூடுகிறது. கூடவே துணியும் கனத்து, காற்றை உள்ளே விடாமல் அடைத்துக்கொள்கிறது. கத்திரி வெயிலில் கரண்ட் போன ராத்திரி அதில் படுத்தால் முதுகு நனைந்துவிடும். நம் ஊருக்கு 300லிருந்து 400க்குள், ஒற்றை இழை நூலில் நெய்ததைக் கேள். ‘சிங்கிள் பிளை’ என்று கேட்டால் துணி தெரிந்த கடைக்காரருக்குப் புரியும்.

நம்பரைவிட முக்கியம் பஞ்சு. பஞ்சின் இழை நீளமாக இருந்தால் நூல் மெலிசாகவும் உறுதியாகவும் வரும். குட்டையாக இருந்தால் நுனிகள் எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டு, பத்துத் துவைப்பில் துணி முழுக்க உருண்டை உருண்டையாகப் பஞ்சு கட்டும். எகிப்தின் கீசா, அமெரிக்காவின் பீமா எல்லாம் நீள இழைப் பஞ்சு என்பதால்தான் அந்தப் பெயர்களுக்கு அவ்வளவு விலை. அந்த வரிசையில் வைக்கக்கூடிய பஞ்சு நம்மிடமே இருக்கிறது. சுவின் என்று பெயர். சுஜாதா ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் கோயம்புத்தூரில் ஒட்டி உண்டாக்கி 1974இல் வெளியிட்டார்கள். விளைச்சல் கொஞ்சம்தான், அதனால் கடையில் சுலபமாகக் கண்ணில் படாது. எங்கேயாவது கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துவிடு.

‘எகிப்து பருத்தி’ என்று அச்சடித்திருப்பதை மட்டும் அப்படியே நம்பாதே. 2016இல் அமெரிக்காவில் ஒரு பெரிய கடை அந்தப் பெயரில் விற்ற லட்சக்கணக்கான விரிப்புகளில் வேறு பஞ்சு கலந்திருந்தது தெரியவந்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அத்தனை சோதனை செய்கிற இடத்திலேயே அப்படி. இங்கே ‘கிளேஸ் காட்டன்’, ‘காட்டன் ஃபீல்’, ‘காட்டன் ரிச்’ என்று விதவிதமாகப் போட்டிருப்பான். முதல் இரண்டும் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான், மூன்றாவது கலப்பு. ‘100% காட்டன்’ என்று எழுத்தில் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவி வீட்டில் கொளுத்திப் பார். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நிற்கும்.

அடுத்தது நெசவு. உனக்குப் பளபளப்பு பிடிக்கும் என்று தெரியும், அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பெர்கேல் என்பது ஒரு நூல் மேலே ஒரு நூல் கீழே என்று போகிற சாதா நெசவு. தொட்டால் மொடமொடவென்று, குளிர்ச்சியாக இருக்கும். காட்டன் சாட்டினில் ஒரு நூல் நாலு நூலைத் தாண்டி மேலேயே மிதந்து போய் ஒன்றுக்குக் கீழே இறங்கும். அந்த மிதப்புதான் பளபளப்பு, வழவழப்பு எல்லாம். அதே மிதப்புதான் அதற்குக் கேடும். போன மாதம் தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி காலி செய்த அறையில் சாட்டின் விரிப்பை உருவி ஜன்னலருகே பிடித்துப் பார்த்தேன். கால்மாட்டில் அங்கங்கே சின்னச் சின்ன வளையமாக நூல் எழும்பி நின்றது. ஒரு வளையத்தை ஊசி முனையால் உள்ளே தள்ளினால் பக்கத்திலேயே இன்னொன்று சுருங்கி இழுக்கிறது. எல்லாம் மெட்டியும் கொலுசும் செய்த வேலை. நம் வீட்டுப் பெண்கள் மெட்டி போடுகிறவர்கள், உன் மருமகளும் வரப்போகிறாள். தினசரிப் புழக்கத்துக்குப் பெர்கேல்தான் சரி. ஏசி அறைக்கு, மார்கழி தைக்கு என்று ஒரே ஒரு சாட்டின் செட் வைத்துக்கொள். அந்த ஆசையை நான் தடுக்க மாட்டேன்.

கடையில் கை வைத்துப் பார்த்து மட்டும் முடிவு செய்துவிடாதே. புதுத் துணியின் மெதுமெதுப்பில் பாதி அதன் மேல் ஏற்றியிருக்கிற சிலிக்கோன் பூச்சு. எங்களுக்குச் சரக்கு போடுகிற ஒருவர் சமீபத்தில் ஒரு கட்டு அனுப்பினார். பட்டுப்போல வழுக்கியது, பசங்கள் எல்லாம் தடவித் தடவிப் பார்த்தார்கள். நான் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். உறிஞ்சவில்லை, முத்தாகத் திரண்டு மடிப்பு வழியே ஓடி இறங்கிவிட்டது. நாலைந்து வெளுப்பில் பூச்சு போனதும் உள்ளே இருந்த முரட்டுத் துணி தெரிந்தது. ஆகவே தண்ணீர் விட்டுப் பார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நெசவு ஒரே சீராக இருக்கிறதா, அங்கங்கே சன்னம் தடிப்பாக நூல் ஓடுகிறதா என்று பார். விரலால் நன்றாகத் தேய்த்துப் பார், மாவு மாதிரி உதிர்ந்தால் கஞ்சியைப் போட்டுக் கனம் காட்டியிருக்கிறார்கள். நிறத் துணி என்றால் ஈரக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தால் சாயம் விடுமா விடாதா என்று அங்கேயே தெரிந்துவிடும். ஓயெகோ-டெக்ஸ் முத்திரை இருந்தால் நல்லதுதான். ஆனால் கெடுதலான ரசாயனம் இருக்கிறதா என்று சோதித்ததற்குத்தான் அந்த முத்திரை, துணி உசத்தி என்பதற்கு இல்லை.

அளவில்தான் நிறையப் பேர் அவதிப்படுகிறார்கள். உன் மெத்தை 72க்கு 78, கனம் 8 அங்குலம் என்று எழுதியிருக்கிறாய். கடையில் ‘டபுள்’ என்று 90க்கு 108 எடுத்துப் போடுவார்கள். அகலத்தில் 90இல் 72 போக மிச்சம் 18, பக்கத்துக்கு 9. எட்டு அங்குலக் கனத்தை மூடி ஒரே அங்குலம் அடியில் போகும். முதல் துவைப்பில் நூற்றுக்கு நாலு சுருங்கினாலும் 90 என்பது 86 ஆகிவிடும், அப்புறம் மெத்தையின் பக்கவாட்டைக்கூட மூடாது. விடிந்தால் விரிப்பு நடுவில் சுருண்டு கிடக்கும். 108க்கு 108தான் எடுக்க வேண்டும். அப்போது பக்கத்துக்கு 10 அங்குலம் அடியில் செருகக் கிடைக்கும். மெத்தையைக் கவ்விப் பிடிக்கிற ஃபிட்டட் ஷீட் எடுப்பதானால் எலாஸ்டிக் நாலு மூலையில் மட்டும் இல்லாமல் சுற்றிலும் ஓட வேண்டும், மெத்தை நுழைகிற பையின் ஆழம் 10 அங்குலமாவது இருக்க வேண்டும். அகலத் துணியாக மீட்டரில் எடுத்துத் தைத்துக்கொள்ளவும் செய்யலாம். புதுமண்டபத்தில் உட்கார்ந்திருந்த தையற்காரர்கள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள், தெரியுமோ? அங்கே கொடுத்தால் உன் தலையணை அளவுக்கு உறையும் சேர்த்துத் தைத்துக் கொடுப்பார்கள்.

வெள்ளைதான் வேண்டும் என்று உனக்கு ஆசை, புது வீட்டில் வெள்ளை விரிக்கக் கூடாது என்று அத்தை சொல்கிறார்கள். அவர்கள் மனம் கோணாமல் சந்தன நிறம் எடு. ஹோட்டலில் வெள்ளை வைப்பது ஒரே தொட்டியில் சூடாகப் போட்டு வெளுப்பதற்கு வசதி என்பதால்தான். வீட்டில் தேங்காய் எண்ணெய், மஞ்சள், குங்குமம் என்று எல்லாம் படும். எண்ணெய்க் கறைக்கு, பாத்திரம் துலக்குகிற லிக்விடை அந்த இடத்தில் மட்டும் தேய்த்து ஊறவிடு. மஞ்சள் கறை சோப்பு பட்டதும் சிவந்து பயமுறுத்தும். பதறாமல் அலசி வெயிலில் போட்டால் மங்கிவிடும். மதுரை வெயிலுக்கு அந்தச் சக்தி உண்டு.

வசந்தி, இதை மட்டும் மறக்காதே. உன் வீட்டில் போர் தண்ணீர். ஒத்தக்கடைப் பக்கம் உப்பு என்று நீயே சொன்னாய். உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது, திப்பியாக இழைக்குள் உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு பெரிய விலை கொடுத்த விரிப்பும் ஒரு வருஷத்தில் விறைத்து, பழுப்படித்துவிடும். நிறையப் பேர் அதைத் துணியின் குற்றம் என்று நினைக்கிறார்கள். கடைசி அலசலை மட்டுமாவது மழைத்தண்ணீரிலோ குழாயில் வருகிற நல்ல தண்ணீரிலோ செய். புது வீடுதானே, மொட்டை மாடி மழைநீருக்கு ஒரு தொட்டி வைத்துவிட்டால் துணிக்கு அது போதும். மாதத்துக்கு ஒரு தடவை அலசும்போது அரை டம்ளர் வெள்ளை வினிகர் விடு, படிந்த உப்பு கரையும். துணி மென்மையாக்குகிற லிக்விட் வேண்டவே வேண்டாம். அது இழை மேல் படலமாகப் படிந்து வியர்வையை உறிஞ்ச விடாது. நிறத் துணியைப் புறம் திருப்பி நிழலில் உலர்த்து.

எங்கே வாங்குவது என்றும் கேட்டிருந்தாய். ஏற்றுமதிக்கு விரிப்பு போகிற ஊர் கரூர். அங்கே ஏற்றுமதியில் மிஞ்சியது நல்ல நூலில் கிடைக்கும், ஆனால் ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நம் ஊரில் விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிப் பக்கம் நடந்தால் போதும். கைத்தறியில் கோ-ஆப்டெக்ஸில் சென்னிமலைப் பெட்ஷீட் பார். கொஞ்சம் கனம், ஆனால் பிள்ளைகள் புழங்குகிற அறைக்கு வருஷக்கணக்கில் உழைக்கும். அப்புறம் சுங்குடி. மதுரையில் வீடு கட்டிவிட்டுச் சுங்குடி இல்லாமல் இருக்கலாமா? 2005இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கடையில் சுங்குடிப் பெட்ஷீட் என்று அடுக்கியிருப்பதில் பெரும்பாலானவை அச்சுப் போட்டவை. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததென்றால் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது. வட்டம் கொஞ்சம் கோணலாகவும், முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி லேசாகப் புடைத்தும் இருக்கும். புறத்தைத் திருப்பினாலும் அதே அழுத்தத்தில் தெரியும். அப்படி ஒன்று கிடைத்தால் கட்டிலுக்கு மேல்விரிப்பாகப் போடு. ராத்திரி மடித்து வைத்துவிட்டுப் பெர்கேலில் படு. முதல் சில துவைப்புக்குத் தண்ணீர் தெளியும் வரை தனியாகவே அலசு.

கட்டிலுக்கு மூன்று செட் போதும், ஒன்று விரிப்பில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். ஆறு சுமார் செட் வாங்குகிற காசில் மூன்று நல்லதாக வாங்கு. நீ உடம்பு நோக உழைத்துக் கட்டிய வீடு. ராத்திரி முதுகைச் சாய்க்கிற இடத்தில் கணக்குப் பார்க்காதே என்றுதான் நான் சொல்வேன்.

மற்றபடி இங்கே எல்லோரும் நலம். பெரியவனுக்குத் திருச்சியில் வேலை கிடைத்துவிட்டது, சனி ஞாயிறு வந்து போகிறான். சின்னவள் பிளஸ் டூ, அவள் அறையில் லைட் அணைவதே இல்லை. உன் அண்ணன் அண்ணியைப் போன வாரம் நரசிங்கம் கோவிலில் பார்த்தேன், கிரகப்பிரவேசப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று என்றார்கள்.

நீ ஊர் வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒதுக்கி வை. நானும் வருகிறேன், சேர்ந்தே போய் எடுப்போம். அதற்கு முன்னால் மாடி அறை மெத்தை, கீழே அத்தை அறை மெத்தை ரெண்டையும் இஞ்ச் டேப் வைத்து அளந்து அனுப்பு. கனத்தையும் அள, கடைக்காரர் சொன்ன கணக்கு வேண்டாம். தலையணை எத்தனை, என்ன அளவு என்பதையும் எழுது.

அத்தைக்கும் அண்ணனுக்கும் என் வணக்கம்.

அன்புடன்,
மங்கை