கவாத்துக் கழிவு விறகல்ல

ஆசிரியருக்கு,

நீலகிரித் தேயிலைக்கு ஏலத்தில் விலை சரிந்தால் கரட்டு இலை (முற்றிய, முரட்டு இலை) பறித்ததுதான் காரணம் என்கிறோம். பாதி உண்மைதான். மீதி மண்ணில் இருக்கிறது.

தேயிலைக்கு ஏற்ற மண்ணின் பி.எச். (அமில அளவு; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 4.5 முதல் 5.5 வரை. வருடக்கணக்கில் யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் போட்ட பழைய தோட்டங்களில் அது 4-ஐ ஒட்டி இறங்கிவிடும். அப்போது பொட்டாஷ் (சாம்பல் சத்து) மழையோடு போய்விடும். முதிர்ந்த இலை ஓரம் மஞ்சளாகி, நடுவில் தலைகீழ் 'வி' போலப் பச்சை நின்றால் மக்னீசியம் குறைவு. அதற்கும் யூரியாவையே கூட்டுகிறார்கள்! எடை ஏறும், தேநீரில் திடம் இருக்காது.

உரமிட்டு இரண்டு மாதம் கழித்து, செடிகளுக்கு இடையே 9 அங்குல ஆழம்வரை மண் எடுத்துப் பரிசோதியுங்கள். அமிலத்தைக் குறைக்க, அறிக்கை சொல்லும் அளவு டோலமைட்டை (மக்னீசியம் உள்ள சுண்ணாம்புக்கல் தூள்) கவாத்து ஆண்டில், அதாவது செடிகளை வெட்டிவிடும் ஆண்டில், மண் ஈரமாக இருக்கும்போது தூவுங்கள். கூடவே யூரியா போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போகும். ஒரு மாதமாவது பொறுங்கள். கவாத்தில் விழும் இலையையும் மெல்லிய குச்சியையும் வரிசைகளுக்கு இடையே பரப்பிவிடுங்கள். அதை அள்ளிச் சென்றால் தோட்டத்தின் பொட்டாஷும் சேர்ந்தே அடுப்புக்குப் போகிறது.

- சிறு தேயிலை விவசாயிகள், கோத்தகிரி