பெண் பிரதிநிதிகளும் ஊழலும்: ஆய்வுகள் சொல்வது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் 2023ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தை ஆதரிப்போரில் பலர், பெண்கள் பதவிக்கு வந்தால் ஊழல் தானாகக் குறைந்துவிடும் என்கிறார்கள். திருத்தத்தை நானும் வரவேற்கிறேன். ஆனால் இந்த வாதத்தை ஆய்வுகள் அப்படியே ஏற்கவில்லை.

பெண்கள் அதிகமுள்ள நாடாளுமன்றங்களைக் கொண்ட நாடுகளில் ஊழல் குறைவு என்று உலக வங்கி 1999இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் டேவிட் டாலரும் உடன் ஆய்வாளர்களும் காட்டியதிலிருந்தே இக்கருத்து பரவியது. பத்திரிகைச் சுதந்திரமும் சட்டத்தின் ஆட்சியும் உள்ள மக்களாட்சியே பெண்களை அவைக்குக் கொண்டுவருகிறது, ஊழலையும் அதுவே கட்டுப்படுத்துகிறது என 2003இல் ஆய்வாளர் ஹுங்-என் சுங் மறுத்தார். அமெரிக்க அரசியல் அறிவியலாளர்கள் ஜஸ்டின் எசாரேயும் லெஸ்லி ஷ்விண்ட்-பேயரும் 2018இல் இதை மேலும் நுணுக்கமாக ஆராய்ந்தனர். தவறு செய்தால் அகப்பட்டுக்கொள்ளும் வாய்ப்பு மிகுந்த அமைப்புகளில்தான் பெண் பிரதிநிதித்துவத்துக்கும் குறைந்த ஊழலுக்கும் உள்ள தொடர்பு வலுவாக இருக்கிறது என்பதே அவர்கள் கண்டது. காரணம் பிறவிக்குணம் அன்று. ஆண் லஞ்சம் வாங்கினால் வழக்கம் என்று விட்டுவிடும் சமூகம், பெண் வாங்கினால் மன்னிப்பதில்லை.

நம் நாட்டுச் சான்று இன்னும் சுவையானது. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் சமூகத் தணிக்கை (ஊர்மக்களே பங்கேற்றுக் கணக்குகளைச் சரிபார்ப்பது) அறிக்கைகளை ஆராய்ந்த பொருளியலாளர் ஃபர்சானா அஃப்ரிதி உள்ளிட்டோர், பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் தொடக்கத்தில் முறைகேடுகள் கூடுதலாக இருந்ததையும், தலைவிகளுக்கு நிர்வாக அனுபவம் கூடக்கூட அவை குறைந்ததையும் 2017இல் வெளியிட்டனர். பேராசையைவிட அனுபவமின்மையே அங்கு காரணமாக இருந்தது.

உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு ஒதுக்கியுள்ள தமிழ்நாட்டில், கையெழுத்து தலைவியுடையதாகவும் முடிவு கணவருடையதாகவும் இருக்கும் ஊராட்சிகளை நாம் அறிவோம். (இங்கே பெண்ணின் நேர்மையை அளப்பது எப்படி?) பெண்களைத் தூய்மைப் பணிக்கு அனுப்புவதுபோல் பதவிக்கு அனுப்பினால், ஒரு தலைவி பிடிபடும் நாளில் ஒதுக்கீட்டையே குறைசொல்வார்கள், ஆண்களுக்கு இடம் தரும்போது எவரும் நற்சான்றிதழ் கேட்பதில்லை. அரசு செய்ய வேண்டியது, புதிய தலைவிகளுக்குப் பதவியேற்ற முதல் சில மாதங்களிலேயே கணக்குப் பயிற்சி அளிப்பதும், தணிக்கை அறிக்கையைக் கிராமசபையில் முழுமையாக வாசிக்கச் செய்வதுமே.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி