போர்மாவுக்கு வெளியே சுட்ட ரொட்டி

மார்த்தாண்டம்

மக்களே,

சின்னவனுக்குச் சப்பாத்தியை இன்றைக்கே நிறுத்திவிடலாமா என்று போனில் கேட்டாயே, நிறுத்தாதே. சீலியாக் நோய் இருக்கிறதா என்று பார்க்கும் டி.டி.ஜி. ரத்தப் பரிசோதனை முடியட்டும். டாக்டர் எண்டோஸ்கோப்பி சொன்னால் அதுவும் முடியட்டும். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போவதால் உடம்பு தன்மேலேயே ஏவிவிடும் எதிர்ப்பொருளைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது. கோதுமையை முன்கூட்டியே நிறுத்தினால் அது குறைந்துபோய், சீலியாக் இருந்தும் இல்லை என்று ரிசல்ட் வரும். இருந்தால் ஆயுசு முழுக்கப் பத்தியம். அதை ஊகத்தில் ஆரம்பிக்கக் கூடாது.

உன் அத்தை, ஏத்தங்காயை (நேந்திரங்காயை) உணக்கிப் பொடித்துக் காய்ச்சிக் கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்கிறாள். சிரிக்காதே. 1924-இல் அமெரிக்காவில் ஹாஸ் என்ற டாக்டர் இந்த நோய்க்கு வாழைப்பழத்தைத்தான் மருந்தாகக் கொடுத்தார். பிள்ளைகள் தேறவும் செய்தார்கள். அந்தப் பத்தியத்தில் ரொட்டி கிடையாது, சங்கதி அதுதான். தேறிய பிறகு கோதுமை கொடுத்ததும் நோய் திரும்பி வந்தது. டிக்கே என்ற டச்சு டாக்டர்தான் பிறகு கோதுமைதான் காரணம் என்று கைகாட்டினார். போர்க்காலப் பஞ்சத்தில் அங்கே ரொட்டி அருகிப்போனபோது இந்தப் பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள், ரொட்டி திரும்பி வந்ததும் படுத்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் நம்ம திருவிதாங்கூரில் பர்மா அரிசி நின்று, எல்லா வீட்டிலும் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) வெந்துகொண்டிருந்தது. ஏத்தங்காய்ப் பொடி நல்ல சாப்பாடு, கொடு. மருந்து என்று மட்டும் நினைத்துவிடாதே.

டெஸ்டில் இருக்கிறது என்று வந்தால்கூட சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. புட்டு, ஆப்பம், இடியாப்பம், மரச்சீனி, மீன் எதிலும் குளூட்டன் கிடையாது. மாட்டிவிடுவது வேறு சாமான்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்த்திருப்பார்கள், டப்பாவைத் திருப்பிப் படி. ரவை, சேமியா இரண்டும் கோதுமை. ஹார்லிக்ஸில் கோதுமையும் பார்லியும் உண்டு. அரிசியை அங்குள்ள மாவு மில்லில் திரிக்கக் கொடுக்காதே, முன்னால் போனவர் கோதுமை திரித்திருப்பார். ஒரு துளி பட்டாலும் குடலுக்குக் கெடுதல்தான்.

ஆனால் ஸ்கூலில் மற்ற பிள்ளைகள் சாண்ட்விச் தின்னும்போது இவன் மட்டும் புட்டைப் பார்த்துக்கொண்டிருப்பானா? கடையில் குளூட்டன் இல்லாத ரொட்டி விலை கேட்டால் தலை சுற்றுகிறது என்றாய். அதனால்தான் நானே செய்து பார்த்தேன். பேக்கரி அடுப்பான போர்மாவில் இல்லை. அங்கே சுவரிலும் தட்டிலும் மைதா தூசி படிந்து கிடக்கும். வீட்டில், குக்கரில்.

மைதா மாவைப் பிசையப் பிசைய இழுவை வரும், அந்த இழுவைதான் காற்றைப் பிடித்து ரொட்டியைத் தூக்கும். அரிசி மாவுக்கு அது கிடையாது. அந்த வேலையை இசப்கோல் உமியிடம் கொடுக்கவேண்டும், மருந்துக்கடையில் கிடைப்பதுதான். மூன்று மேசைக்கரண்டி உமியை 300 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி வை, பத்து நிமிடத்தில் கொழகொழவென்று கட்டிக்கொள்ளும். பச்சரிசியைக் கழுவி ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் பொடித்து நைசாகச் சலித்த மாவு 200 கிராம். மரச்சீனி ஸ்டார்ச் 100 கிராம். அது அங்கே கிடைக்காவிட்டால் ஜவ்வரிசியைப் பொடித்துச் சலித்துக்கொள், அதுவும் மரச்சீனிதானே. ஒன்றரைக் கரண்டி ஈஸ்ட், ஒரு கரண்டி உப்பு (இரண்டுக்கும் டீ கரண்டி), சீனி ஒரு மேசைக்கரண்டி, தேங்காயெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, முட்டை இரண்டு. எல்லாம் சேர்த்தால் கெட்டியான இட்லி மாவு போல இருக்கும். உருட்டப் பார்க்காதே, கெட்டியாக்க மேலும் மாவு சேர்க்கவும் கூடாது. கையை நனைத்து டின்னில் தட்டி நிரப்பு. ஒரே தடவைதான் பொங்கவிட வேண்டும், டின் விளிம்பு வந்ததும் அடுப்புக்குப் போகட்டும். அதிகம் பொங்கினால் நடுவில் குழி விழும்.

உன்னிடம் ஓவன் இருக்கிறது, 190 டிகிரியில் முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு பார். குக்கரென்றால் கேஸ்கட்டும் விசிலும் எடுத்துவிட்டு, அடியில் உப்புப் பரப்பிச் சூடாக்கி, ஸ்டாண்டு மேல் டின்னை வைத்து மூடு. மேல் சிவக்காது, வெந்திருக்கும். சுடச்சுட வெட்டினால் உள்ளே பிசினாக இருக்கும், முழுக்க ஆறட்டும். மறுநாள் வறண்டுபோகும், அதனால் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, காலையில் தோசைக்கல்லில் வாட்டிக் கொடு. கல் தனியாக இருக்கட்டும், சப்பாத்தி போடும் கல் வேண்டாம்.

முப்பது வருஷம் மைதா பிசைந்த கைக்கு இந்த ரொட்டி ரொட்டியாகத் தெரியவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். கொஞ்சம் ஈரம், கொஞ்சம் கேக் மாதிரி. ஜாம் தடவினால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

அப்புறம், அவனுக்குச் சீலியாக் உறுதியானால் நீயும் மருமகனும் மூத்தவளும் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள், இது குடும்பத்தில் ஓடும். உனக்குச் சின்ன வயதிலிருந்தே ரத்தம் குறைவு, அதை டாக்டரிடம் மறக்காமல் சொல். ரிசல்ட் வந்ததும் கூப்பிடு, ராத்திரியானாலும் பரவாயில்லை.

அப்பா