மூன்றாம் நம்பர் மேசை

டர்பன், தென் ஆப்பிரிக்கா
ஜூலை மாதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு அம்மா, அண்ணி, பாப்பா, மேலத்தெரு சித்தப்பா வீட்டார் அனைவரும் நலமாக இருக்க கும்பேசுவரர் துணை.

உங்கள் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. அதற்கு முந்தின கடிதத்துக்கும் நான் பதில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிவிடுகிறோமே என்று இருந்துவிட்டேன், மன்னிக்கணும். போனில் நீங்கள் இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். "கருப்புக் கண்ணாடி போட்ட அம்மா ஒருத்தர் நாயோட உள்ளே வந்துட்டாங்க, மாஸ்டர் சத்தம் போட்டார், நான் பார்சல் வாங்கிக்குங்கன்னு வாசல்லயே நிறுத்திட்டேன். சரிதானே?" என்று எழுதியிருந்தீர்கள்.

சரியில்லை அண்ணா. அந்த அம்மாவுக்குப் பார்வை இல்லை, கூட வந்தது அவருக்கு வழிகாட்டும் நாய். நீங்கள் மனசறிந்து செய்யவில்லை என்று தெரியும். ஆனால் நாயை வெளியே கட்டிவிட்டு வா என்று அந்த அம்மாவிடம் சொல்வதும், கண்ணை வாசலில் வைத்துவிட்டு வா என்று சொல்வதும் ஒன்றுதான். பசித்து வந்தவரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் அப்பா காலத்திலிருந்து நம் கடையில் கிடையாது.

இங்கே இதற்கு விதியே எழுதி வைத்திருக்கிறார்கள். 2018 ஜூன் 22-ம் தேதி வந்த உணவுக்கூடச் சுகாதார விதிகள், ஆர் 638 என்பார்கள். கடைக்குள் எந்த விலங்கும் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பார்வையில்லாதவரோடு வரும் வழிகாட்டி நாயை விற்கும் இடத்திலும் பரிமாறும் இடத்திலும் அனுமதிக்கலாம் என்று விலக்கு கொடுத்திருக்கிறது. சமையல்கட்டுக்கு அந்த விலக்கு இல்லை. "அனுமதிக்கலாம்" என்றுதானே இருக்கிறது, எனக்கு இஷ்டமில்லை என்று ஒரு முதலாளி சொல்ல முடியாது. 2000-ம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பின்னால் நிற்கிறது. ஊனமுற்றவர் நடமாடத் தேவையான உதவியை மறுப்பது பாரபட்சம் என்று அதன் ஒன்பதாம் பிரிவு தடுக்கிறது. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டே சமத்துவ நீதிமன்றமாகவும் உட்காரும். வக்கீல் கட்டாயமில்லை, கட்டணமும் இல்லை. நம் ஊரிலும் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பாரபட்சம் கூடாது என்றுதான் சொல்கிறது. அடுப்படிக்கு நாய் வரக் கூடாது என்று மாஸ்டர் சொல்வது முழுக்க நியாயம். ஹாலுக்கு அதே நியாயத்தை நீட்டியதுதான் பிசகு.

அந்த நாயைத் தெருநாயோடு சேர்த்து நினைக்காதீர்கள். நான் போனில் சொல்வேனே பக்கத்து வீட்டுத் தாத்தா, அவர் வைத்திருப்பதும் அப்படி ஒரு வழிகாட்டி நாய்தான், லாப்ரடார் ஜாதி. தாத்தாவின் பாட்டன் வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். தாத்தாவுக்குத் தமிழ் பேச வராது, ஆனால் தினமும் சரியாக ஆறு மணிக்கு மாடிப்படியில் உட்கார்ந்து நாய்க்கு முடி வாரிக்கொண்டே தேவாரம் பாடுவார். ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது, ஒரு எழுத்தும் பிசகாது. அந்த வாரல்தான் முக்கியம், அண்ணா. தினமும் வாரிவிட்டால் உதிர்கிற முடி சீப்போடு போய்விடும், கடையில் கொட்டாது. சாப்பாடு வீட்டில் மட்டும், அளந்த காய்ந்த தீனி. வெளியே கிளம்புமுன் ஒன்றுக்கு இரண்டுக்கு எல்லாம் சொன்ன இடத்தில் முடித்துவிடும்.

இந்த நாய்களைப் பழக்கிக் கொடுக்க ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் வழிகாட்டி நாய்ச் சங்கத்தை 1953-ல் தொடங்கியவர் கிளாடிஸ் ஈவன்ஸ் என்ற பார்வையில்லாத பெண்மணி. குட்டியை ஏழெட்டு வாரத்தில் ஒரு தன்னார்வக் குடும்பத்திடம் கொடுத்து ஒரு வருஷம் கடைத்தெரு, பஸ், ஓட்டல் என்று பழக்குகிறார்கள். அப்புறம் பல மாதப் பயிற்சி. கடைசியில் நடை வேகம் பார்த்து ஆளுக்கேற்ற நாயைச் சேர்த்து, இருவருக்கும் ஒன்றாகப் பழக்கம். சிக்னல் விளக்கை நாய் பார்த்துச் சொல்லாது. வண்டிச் சத்தத்தைக் கேட்டு முடிவு செய்கிறவர் மனிதர்தான். ஆனால் வண்டி வரும்போது "போ" என்றால் போகாமல் நிற்கும். படி, பள்ளம் வந்தாலும் நிற்கும்.

அடுத்த முறை யாராவது வந்தால் என்ன செய்வது என்று கேட்டு எழுது என்றீர்கள். பையன்களைக் கூப்பிட்டு பத்து நிமிஷம் படித்துக் காட்டினால் போதும்.

முதலில் ஹார்னஸைப் பாருங்கள். மார்பைச் சுற்றின வாரும், முதுகின் மேல் வளையாத கைப்பிடியும் இருக்கும். சும்மா கயிற்றில் வரும் செல்ல நாய்க்கு அது இருக்காது, அதை உள்ளே விட வேண்டிய அவசியமும் இல்லை. பேசும்போது அந்த அம்மாவிடம் பேசணும், நாயிடம் இல்லை. நாய் இடப்பக்கம் வரும், அதனால் நாம் வலப்பக்கம் நின்று, "என் முழங்கையைப் பிடிச்சுக்கிறீங்களா?" என்று கேட்கணும். அவர் கையையோ ஹார்னஸையோ நாமாகப் பிடித்து இழுக்கக் கூடாது. ஹார்னஸில் இருக்கும்போது யாரும் தடவிக் கொடுக்கக் கூடாது, உச்சுக் கொட்டக் கூடாது. கவனம் சிதறின நாய் அடுத்த படியில் நிற்காமல் விட்டால் விழுவது அவர்.

மேசைக்கு நம் ஹாலில் மூன்றாம் நம்பர்தான் சரி. அப்பா படத்துக்குக் கீழே, இரண்டு பக்கம் சுவர், நாலு கால் மேசை. நடுவில் ஒற்றைக் கால் வைத்த வட்ட மேசைகளில் நாய்க்கு இடம் கிடையாது. வளர்ந்த லாப்ரடார் முப்பது கிலோ வரும், படுத்தால் ஒரு மீட்டர் நீளம். சுவரோரம் விட்டால் வாலை மடித்து, மூக்கை அவர் செருப்பின் மேல் வைத்துக்கொண்டு மூட்டை மாதிரிக் கிடக்கும். ஒரு மணி நேரம் ஆனாலும் சத்தம் வராது.

நம் கடையில் பிசகு நடந்தால் சாம்பார் வாளியில்தான் நடக்கும். பையன்கள் வாளியை முழங்கால் உயரத்தில் ஆட்டிக்கொண்டு ஓடுவார்கள். கொதிக்கிற சாம்பார் முதுகில் சிந்தினால் எந்த நாயும் எகிறும், அப்புறம் பழி நாய் மேல் விழும். மூன்றாம் நம்பருக்கு வாளி வேண்டாம், கிண்ணத்தில் கொண்டுபோய் நாய் இல்லாத பக்கமிருந்து வைக்கச் சொல்லுங்கள். கீழே எதையும் போடக் கூடாது. வெங்காயம், பூண்டு, கேசரியில் போடுகிற திராட்சை எல்லாமே நாய்க்கு விஷம். வெந்த கோழி எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். தண்ணீர் அவர் கேட்டால் மட்டும் ஒரு காகிதக் கிண்ணத்தில் கொடுத்து, பிறகு தூக்கி எறிந்துவிடலாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து கடை வாசல். எச்சில் இலைத் தொட்டியைச் சுற்றி நிற்கிற நாய்கள் இதன் மேல் பாய்ந்தால் அவ்வளவுதான். ஒரு கடி வாங்கின வழிகாட்டி நாய் பயந்துபோய் வேலைக்கே உதவாமல் போவது உண்டு. தொட்டியைக் கொல்லைப்பக்கம் மாற்றி மூடி போடுங்கள், அவர் வரும்போதும் போகும்போதும் ஒரு பையன் கூடவே தெருமுனை வரை போகட்டும்.

பக்கத்து மேசைக்காரர் பயப்பட்டால், அலர்ஜி என்றால், அவருக்குத் தள்ளி இடம் கொடுங்கள். அதற்காக இவரை எழுப்ப வேண்டாம். நாயே ஓயாமல் குரைத்தாலோ அசிங்கம் செய்தாலோ மட்டும் வெளியே கொண்டுபோகச் சொல்லலாம், அப்போதும் அவருக்குச் சாப்பாடு உண்டு. நாயைத் தொட்ட பையன் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுப் பரிமாறட்டும். அவர் போனபின் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

இலைச் சாப்பாடு அவர்களுக்குத் தட்டைவிட சுலபம். உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல் மேல் பாதியில், சோறு கீழ்ப் பாதியில் என்று இடம் தவறாதே. இடமிருந்து வலம் ஒரு தடவை வாயால் சொல்லிவிட்டால் அவரே சாப்பிட்டுக்கொள்வார். ரசம் ஊற்றப் போகிறோம் என்று சொல்லிவிட்டு ஊற்றணும். மீதிப் பணத்தை "இது ஐம்பது, இது இருபது" என்று ஒவ்வொன்றாகக் கையில் வைக்கணும்.

இங்கே இலையெல்லாம் கோயிலில்தான். மற்ற நாளில் பன்னி சாவ் (bunny chow) என்கிற ரொட்டிக் கறி. ரொட்டியைக் கால்வாசி வெட்டி, நடுவைக் குடைந்து பீன்ஸ் கறியை ஊற்றி, குடைந்த துண்டை மேலே வைத்துக் கொடுப்பார்கள். நன்றாகத்தான் இருக்கும், காரமும் உண்டு. குளிர் பெரிசாக ஒன்றும் இல்லை, ராத்திரி பதினொன்று, பன்னிரண்டு டிகிரி. நானும் தினமும் சமைத்துத்தான் சாப்பிடுகிறேன், அம்மா கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒருத்தனுக்கு வைப்பதால் ஒரு தடவை வைத்த ரசம் மூன்று நாளைக்கு வருகிறது.

மூன்றாம் நம்பர் மேசை என்று எழுதும்போதே விடியற்காலையில் ஷட்டரைத் தூக்குகிற சத்தமும் முதல் டிகாக்‌ஷன் வாசனையும் வந்துவிட்டது, அண்ணா. அப்பா படத்துக்கு இப்போதும் நீங்கள்தான் பூ மாற்றுகிறீர்களா? பேனாவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன்.

இந்த மாதம் அனுப்பினது கொஞ்சம் குறைச்சல். இந்த ஊர்ப் பணமான ரேண்டின் விலை இறங்கிக் கிடக்கிறது, வேறொன்றும் இல்லை. அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். வாடகைப் பத்திரத்தைப் புதுப்பிக்கக் கட்டடச் சொந்தக்காரர் அவசரப்படுத்தினால் கையெழுத்துப் போடுமுன் சித்தப்பாவிடம் காட்டுங்கள். முன்பணத்தைத் திருப்பித் தரும் வரி பத்திரத்தில் இருக்கணும்.

அம்மா வலது கண்ணில் மங்கலாகத் தெரிகிறது என்று சொன்னதை அண்ணி போனில் வாய்தவறிச் சொல்லிவிட்டார். பதினாறு வருஷ சர்க்கரை அம்மாவுக்கு. கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள், விழித்திரையைப் பார்க்கச் சொல்லணும். புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை தெளியாது, அதனால் அம்மாவைத் தனியாக அனுப்பாமல் அண்ணியும் கூடப் போகட்டும். சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளையும் எடுத்துப் போகணும். அந்தச் செலவுக்கு என்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், வாடகையில் கை வைக்காதீர்கள். தாமதிக்காமல் போய்விட்டு வந்து என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அந்த அம்மா மறுபடி ஊருக்கு வந்தால் மூன்றாம் நம்பரில் உட்கார வையுங்கள். முதல் சாப்பாடு என் கணக்கில்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி