அணை மதிப்பீடு: அபாயம், நிலை இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்

உறுப்பினர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் தேசிய அணைப் பட்டியலில் 'அதிக அபாயம்' என்று பார்த்ததும் அணை உடையப்போகிறது எனப் பகிர வேண்டாம். உடைந்தால் கீழ்ப்பகுதியில் உயிர்ச்சேதம் நேரக்கூடும் என்பதே அதன் பொருள். கீழே புது வீடுகள் வந்தால், பழுதே இல்லாத அணையும் 'குறைவு' நிலையிலிருந்து 'அதிகம்' ஆகலாம். அணையின் நிலைக்குத் தனி மதிப்பீடு உண்டு: திருப்தி, ஓரளவு, மோசம், திருப்தியற்றது. அதிக அபாயத்தோடு 'மோசம்' அல்லது 'திருப்தியற்றது' என்ற நிலையும் சேர்ந்திருந்தால்தான் பெரிய கவலை. கூடவே கடைசி ஆய்வுத் தேதியையும் பாருங்கள். பழைய 'திருப்தி'க்கு மதிப்புக் குறைவு.

1954ஆம் ஆண்டின் நீர்ப்பிடிப்புப் பகுதிப் பாதுகாப்பு, வெள்ளத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமெரிக்காவில் கட்டிய சிறு மண் அணைகள் பல 50 ஆண்டு ஆயுளுக்கு வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் கரையினூடே செல்லும் குழாய் நெளி உலோகமானால் துருப்பிடித்து ஓட்டை விழும். மண் அதன் வழியே போய், கரைமேல் குழி விழும். குழாயின் வாயிலுள்ள குப்பைத் தடுப்புக் கம்பிகள் அடைத்தால் நீர் சீக்கிரமே புல்வெளி உபரிநீர்ப் போக்கிக்கு ஏறி, புல் தேய்ந்த இடத்தில் அரிக்கும். கரையில் மரம் வளரவிடக் கூடாது. வேர் அழுகினால் கசிவுக்கு வழி.

அடிவாரத்தில் தெளிந்த கசிவா? அளவைக் குறித்து அணைப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். கலங்கலா, அல்லது கூடிக்கொண்டே போகிறதா? உடனே 911. படம் எடுப்பதெல்லாம் பிறகு.