இங்கிலீஷ் பைபிள் பேரை தப்பா வாசிச்சா சிரிக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை எங்க சர்ச் இங்கிலீஷ் ஆராதனைல அம்மாவை பாடம் வாசிக்க சொன்னாங்க. 71 வயசு, தமிழ் வேதாகமத்தை ஆதியாகமத்துல இருந்து வெளிப்படுத்தின விசேஷம் வரைக்கும் எத்தனையோ தடவை படிச்சு முடிச்சவங்க, எழும்பி போய் யோபு புத்தகத்தை நாம வேலைக்கு சொல்ற மாதிரி "ஜாப்"னு வாசிச்சிட்டாங்க, அடுத்து சங்கீதம் வந்தப்போ முன்னாடி நிக்கிற பி எழுத்தையும் சேர்த்து "ப்சால்ம்ஸ்"னு சொல்ல பின் பெஞ்சுல ஒரே சிரிப்பு. வீட்டுக்கு வந்து இனிமே என்னை கூப்பிட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. மனசு ஆறல, அதான் எழுதுறேன்.

இங்கிலீஷ்ல அது "ஜோப்", "சாம்ஸ்"தான், சரி. ஆனா எழுத்தை பாத்து அதை எப்படி கண்டுபிடிக்கிறது? மல்கியாவை "மாலக்கை"ங்கணும், பிலேமோனை "ஃபைலீமன்"ங்கணும், கொலோசெயரை "கொலாஷன்ஸ்"ங்கணும், காதுல விழுந்து பழகினா மட்டும்தான் வரும். அம்மா சண்டே ஸ்கூல்ல பைபிளோட 66 புத்தகப் பேரையும் தமிழ்ல மனப்பாடம் பண்ணவங்க, இங்கிலீஷ்ல யாரும் சொல்லிக் கொடுக்கல.

இன்னொன்னு, சிரிச்ச பிள்ளைங்களுக்கு இது தெரியணும். நம்ம தமிழ் பேருங்க பல இடத்துல மூலத்துக்கு இங்கிலீஷை விட கிட்ட இருக்கு. பழைய ஏற்பாட்டோட மூல பாஷையான எபிரெயத்துல யோபு பேரு "இய்யோவ்", அதுல ஜ சத்தமே கிடையாது, நம்ம யோபு அதோட ஒட்டி நிக்குது. 1611ல கிங் ஜேம்ஸ் பைபிள் முதல்ல அச்சானப்போ கூட ஐயும் ஜேயும் தனித்தனி எழுத்தா பிரியல, யோபு பேரை ஐ எழுத்துலதான் ஆரம்பிச்சிருக்காங்க. யோனா எபிரெயத்துலயும் யோனாதான். மீகாவும் அப்படித்தான், அது "மைக்கா" ஆனது இங்கிலீஷ் உயிர் சத்தங்க சுமார் 1400க்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இடம் மாறினதால, ஈ எல்லாம் ஐ ஆயிடுச்சு.

அந்த பி விஷயமும் அப்படித்தான். வார்த்தை கிரேக்கத்துல இருந்து வந்தது, அங்க பி-யை சொல்லித்தான் படிப்பாங்க, ஜெர்மன்காரங்க இன்னைக்கும் சொல்றாங்க. தரங்கம்பாடில 1715ல தமிழ் புதிய ஏற்பாட்டை அச்சடிச்சு முடிச்ச சீகன்பால்க் ஐயரே ஜெர்மன்காரர்தானே, அவர் பாஷையில அந்த பி உண்டு. அம்மா வாயில வந்தது அவ்வளவு பெரிய கேலிக்குரிய விஷயமா?

இங்கிலீஷ்காரங்களுக்குள்ளயே ஒத்துமை இல்ல, ஏசாயாவை இங்கிலாந்துல "ஐசாயா"ம்பாங்க, அமெரிக்கால "ஐசேயா"ம்பாங்க, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து சிரிக்கிறதில்ல. எங்க பக்கத்து வீட்டு கத்தோலிக்க அக்கா பைபிள்ல சங்கீதம் திருப்பாடல்கள்னு இருக்கு, பிரசங்கி சபை உரையாளர்னு இருக்கு, அதை வாசிக்கிறப்போ நாங்க யாரும் சிரிச்சதில்லையே.

சபை பெரியவங்க கிட்ட கேக்கிறது ரெண்டே விஷயம். பாடம் வாசிக்கிறவங்களுக்கு ஒரு வாரம் முன்னாடியே பகுதியை கொடுங்க, பக்கத்துல பேரை எப்படி சொல்லணும்னு தமிழ் எழுத்துல எழுதி கொடுங்க. சண்டே ஸ்கூல் பிள்ளைங்களுக்கு ரெண்டு பாஷைலயும் பேரை சொல்லிக் கொடுங்க, அப்படியே அந்த பேரு எந்த பாஷைல இருந்து எப்படி மாறி வந்ததுன்னும் சொல்லுங்க. கடைசி புத்தகத்தை நல்லா இங்கிலீஷ் பேசுறவங்களே பன்மையா "ரெவலேஷன்ஸ்"ங்கறாங்க, அது "ரெவலேஷன்" மட்டும்தான், அதையும் சேர்த்து சொல்லுங்க.

உங்க பத்திரிகைலயும் ஒரு ஞாயித்துக்கிழமை இந்த 66 பேரோட இங்கிலீஷ் உச்சரிப்பை தமிழ் எழுத்துல போட்டா நல்லா இருக்கும். அதை வெட்டி எடுத்து அம்மா பைபிளுக்குள்ள வச்சிட்டு, இன்னொரு தடவை வாசிங்கம்மானு நானே கேட்டு பாக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை