தெப்பக்குளத்துப் பருத்திப்பால் அண்ணனுக்கு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மதுரை வண்டியூர் தெப்பக்குளத்துக் கரையில், புதிதாக எழுதிய இசையை இலவசமாக வாசித்த எங்கள் கச்சேரியில் கூட இருந்த எல்லோருக்கும் நன்றி. ஆறே முக்காலுக்குக் கரண்ட் போய் மைக்கும் விளக்கும் நின்றபோதும் கூடவே நின்றீர்கள். எனக்குக் கை நடுக்கம் இன்னும் முழுசாக நிற்கவில்லை. நிற்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

மைக் இல்லாமலே வாசிப்பது என்று முடிவானதும், எனக்குப் பயமெல்லாம் இரண்டாவது உருப்படியைப் பற்றித்தான். முதலாவது தவிலும் பறையும். அதற்கு மைக்கே வேண்டாம். இரண்டாவது ஒற்றை வயலின். மந்தர ஸ்தாயியிலேயே, அதாவது தாழ்ந்த சுரங்களிலேயே, பதினோரு நிமிஷம் ஊர்ந்து போகும். பாட்டு வரிகள் இல்லை, கேட்டுப் பழகிய மெட்டும் இல்லை. போன மாதம்தான் எழுதி முடித்தேன்.

தவில் முடிந்து கைதட்டல் அடங்கியபோது ஒரு சத்தம் மட்டும் பாக்கி இருந்தது. பருத்திப்பால் வண்டியில் அடுப்பு உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது. போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஞாயிறு ஏழு மணி, அவருக்கு நல்ல யாவார நேரம். வயலின்காரர் வில்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வண்டியைப் பார்த்தேன். அண்ணன் குனிந்து அடுப்பை அணைத்தார். டம்ளருக்குக் கை நீட்டியவரிடம், கொஞ்சம் பொறுங்க என்று சைகை காட்டினார்.

பருத்திப்பாலைக் கிண்டாமல் விட்டால் ஆடை கட்டிவிடும். அதனால் அந்தப் பதினோரு நிமிஷமும், பாத்திரத்தின் விளிம்பில் கரண்டி படாமல், மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தார். நான் எழுதியதை அன்றைக்கு நான் சரியாகக் கேட்கவே இல்லை. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் ஓடிப்போய் நன்றி சொன்னேன். "அது கெடக்கட்டும்மா. அந்த வயலினு முடிஞ்சுச்சா, இல்ல பாதியில நிப்பாட்டிட்டாரா?" என்றார். வழக்கமாக வந்து முடிகிற ஆதார சுரமான ஷட்ஜத்துக்கு (ஸ) திரும்பாமல், அதற்கு அடுத்த ரிஷபத்திலேயே (ரி) நிறுத்தியிருந்தேன். சங்கீதம் படித்தவர்கள்கூட என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "அப்படித்தாண்ணே எழுதியிருக்கேன்" என்றேன். "அதான், காதுலயே நிக்கிது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

பிரான்ஸில் 1982 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21 அன்று ஜனங்கள் தெருவுக்கு வந்து வாசிக்கிறார்கள். அதைப் படித்தபோது, இது நம் ஊருக்குப் புதுசா என்றுதான் தோன்றியது. மீனாட்சி கோயில் ஆடி வீதியிலும் சித்திரைத் திருவிழாவிலும் டிக்கெட் வாங்கியா பாட்டுக் கேட்டோம்? நேற்று எழுதிய இசைக்குத்தான் இங்கே தெருவில் இடமில்லாமல் இருந்தது. அது புரியாது என்று நாமே முடிவு கட்டி, அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும் ஹாலுக்குள் வாசித்துக்கொண்டிருந்தோம். நானும் அதைச் செய்தவள்தான்.

சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் வந்து இறங்கி, ஒரு பைசா வாங்காமல் வாசித்த கலைஞர்கள், வண்டிகளை ஒதுக்கிவிட்ட போக்குவரத்துக் காவலர்கள், செல்போன் வெளிச்சம் பிடித்த கல்லூரிப் பிள்ளைகள், நாற்காலி கொடுத்த எதிர்வீட்டு அம்மா, குளத்தின் சுற்றுச்சுவரில் கடைசிவரை எழுந்திருக்காத அத்தனை பேருக்கும் என் கும்பிடு.

அடுத்ததும் அதே கரையில்தான், இலவசமாகத்தான், மைக் இல்லாமல்தான். நேரம் குறிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. யாவாரம் எப்போது கொஞ்சம் ஓய்வாக இருக்கும் என்று அண்ணனிடம் கேட்க வேண்டும்.